மறுபேச்சு: பெருமாள்முருகன் புனைவுகளிலும் நாமக்கல் உடன்பாட்டிலும் ஒரு சொல்லின் பொருள்நிலை

ஆய்வுச்சுருக்கம்

ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை மீண்டும் பேசித் திருத்திக்கொள்வதைக் குறிக்க இன்றைய தமிழில் 'மறுபேச்சுவார்த்தை' என்னும் சொல் வழங்குகிறது. இதனோடு நெருங்கிய 'மறுபேச்சு' என்னும் சொல்லோ பேச்சுவழக்கில் எதிர்த்துப் பேசுதல், கீழ்ப்படியாமை என்னும் பொருள்களையே பெரிதும் தருகிறது. உடன்பாட்டை மீண்டும் திறக்கும் ஒரே செயல், அதைச் செய்பவரின் நிலையைப் பொறுத்து உரிமையாகவோ குற்றமாகவோ பெயர் பெறுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். சேலம், நாமக்கல் சமவெளியைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் புனைவுகளும், 'மாதொருபாகன்' நாவலை ஒட்டி 2015இல் நாமக்கல்லில் கையெழுத்தான உடன்பாடும் இக்கருதுகோளின் அடிப்படையில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மறுபேச்சு, பேச்சுவார்த்தை, உடன்பாடு, இசைவு, கொங்கு வட்டாரம், கூளமாதாரி, மாதொருபாகன், ஆளண்டாப் பட்சி

முன்னுரை

பெருமாள்முருகனின் நாவல்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் வட்டார வழக்கு, சாதி, வேளாண் வாழ்வு, பெண்ணிலை ஆகியவற்றை மையமாகக் கொண்டுள்ளன. 2015ஆம் ஆண்டு நிகழ்வுகளுக்குப் பின்னர்க் கருத்துரிமை என்னும் பொருளும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. இவற்றுக்கு இடையில் கவனம் பெறாத ஒரு பொதுக்கூறு உண்டு. அவருடைய நாவல்களில் கதையை நகர்த்துபவை பெரும்பாலும் ஒப்பந்தங்களே. பண்ணயத்துக்கு ஆள் வைத்தல், பாகம் பிரித்தல், பெண் பேசுதல் என யாரோ சிலர் கூடிப் பேசி முடிக்கிறார்கள். முடித்ததன் விளைவை வேறொருவர் சுமக்கிறார். சுமப்பவர் அந்தப் பேச்சை மீண்டும் தொடங்க இயலுமா என்பதே கதையின் முடிச்சாகிறது.

நாவலாசிரியர் தாமே 2015இல் இத்தகைய ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட நேர்ந்தது. எனவே புனைவுக்குள் உள்ள ஒப்பந்தங்களையும் புனைவைப் பற்றிய ஒப்பந்தத்தையும் ஒரே சொல்லின் வழியே படித்துப் பார்ப்பது பொருத்தமாகும். அதற்கு முன் அச்சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

சொல்லமைப்பும் வழக்கும்

தமிழில் 'பேசு' என்னும் வினை உரையாடலை மட்டும் குறிப்பதில்லை. விலை பேசுதல், கூலி பேசுதல், பெண் பேசுதல் ஆகிய வழக்குகளில் அது நிபந்தனைகளை முடிவுசெய்வதைக் குறிக்கிறது. 'பேசிய கூலி' என்றால் ஒப்புக்கொண்ட கூலி என்றே பொருள். 'பேசி முடித்தாயிற்று' என்பது பேச்சு ஓய்ந்தது என்பதைவிட உடன்பாடு ஏற்பட்டது என்பதையே உணர்த்துகிறது. ஆகவே எழுத்து ஆவணம் இல்லாத சமூக உறவுகளில் பேச்சே ஆவணமாக விளங்குகிறது.

இந்நிலையில் முடிந்த பேச்சை மீண்டும் தொடங்கும் செயலுக்கு வழக்கில் மூன்று பெயர்கள் உள்ளன. இரு தரப்பும் ஒத்த நிலையினராக இருந்தால் அது 'மறுபடி பேசுதல்'. ஒத்த நிலையினர் ஒருவர் தம் விருப்பப்படி விலகினால் அது 'பேச்சு மாறுதல்'. கீழ்நிலையில் உள்ளவர் அதையே செய்தால் அது 'மறுபேச்சு'. 'மறுபேச்சு இல்லாமல் செய்தான்' என்பது பாராட்டு. 'மறுபேச்சுப் பேசுகிறான்' என்பது குற்றச்சாட்டு. பிள்ளைகள், மருமகள்கள், வேலையாட்கள் ஆகியோரைப் பற்றியே இத்தொடர்கள் மிகுதியும் கூறப்படுகின்றன. தந்தையையோ முதலாளியையோ குறித்து 'மறுபேச்சுப் பேசினார்' என்று கூறும் வழக்கு அரிது.

இப்பொருள் வேறுபாட்டுக்கு இலக்கண அடிப்படையும் உண்டு. 'மறு' என்பதை மறுநாள், மறுமணம் ஆகியவற்றில் போலப் பெயரடையாகக் கொண்டால் 'மற்றொரு பேச்சு', 'அடுத்த பேச்சு' என்னும் பொருள் கிடைக்கிறது. மறுத்தல் என்னும் வினையின் பகுதியாகக் கொண்டால் 'மறுபேச்சு' வினைத்தொகையாகி 'மறுக்கும் பேச்சு' எனப் பொருள்படுகிறது. சொல் வடிவம் இரண்டுக்கும் இடம் தருகிறது. எப்பொருள் கொள்ளப்படும் என்பதைப் பேசுபவரும் கேட்பவரும் நிற்கும் இடமே முடிவுசெய்கிறது.

'மறுபேச்சுவார்த்தை' என்னும் சொல்லாக்கம் பெயரடைப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வினைத்தொகைப் பொருளை விலக்கிவிடுகிறது. அலுவலக வழக்கிலுள்ள 'மறுபரிசீலனை' வேறொரு வகையைச் சார்ந்தது. மனு கொடுப்பவர் மறுபரிசீலனையைக் கோரலாம், செய்ய இயலாது. அதைச் செய்பவர் ஆணையிட்டவரே. அங்கு மீண்டும் பார்ப்பது உண்டு. மீண்டும் பேசுவது இல்லை. எனவே இச்சொற்களை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகக் கையாள்வது, யார் யாரோடு எந்நிலையில் பேசினர் என்னும் வினாவை மறைத்துவிடுகிறது.

மறுபேச்சு உரிமையாகும் இடம்

மறுபேச்சு எப்போதும் குற்றமாகவே கருதப்படுகிறது என்று கூறுவதும் பிழையாகும். நாமக்கல் மாவட்டத்தின் பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு ஆகிய விசைத்தறிப் பகுதிகளில் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை என்பது தொழிலாளர் வாழ்வின் பழகிய சொல். ஒப்பந்தக் காலம் முடியும்போது கூலியை மீண்டும் பேசுவது அங்கு மீறலாகக் கருதப்படுவதில்லை. மீண்டும் பேசாமல் இருப்பதே குறையாகக் கருதப்படும்.

நீண்ட காலம் நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் இக்கருத்துக்கு வடிவம் தந்தது. அதன் 19ஆம் பிரிவின்படி, உடன்பாடு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட காலத்துக்குக் கட்டுப்படுத்தும். காலம் குறிக்கப்படாவிடில் 6 மாதங்களுக்குக் கட்டுப்படுத்தும். அதன் பின்னரும், முடித்துக்கொள்வதாக ஒரு தரப்பு எழுத்து வடிவில் அறிவித்து 2 மாதங்கள் கழியும் வரை அது தொடரும். உடன்பாட்டின் முடிவும் அதனை மீண்டும் பேசும் வழியும் உடன்பாட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளன. இரு தரப்பும் இணங்கினால் பழைய ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவும் ஏற்கிறது.

இதே தறிப்பகுதியில் முன்பணம் பெற்ற தொழிலாளியின் நிலை வேறு. கடன் தீராமல் அவர் வேறு தறிக்கூடத்துக்குச் செல்வது எளிதன்று. சங்கத்தின் வாயிலாகக் கூலியை மீண்டும் பேசும் உரிமை பெற்ற ஒருவர், தம் முதலாளியின் முன் தனியாக நிற்கும்போது அதே கோரிக்கையை எழுப்பினால் அது மறுபேச்சாகிவிடுகிறது. காலவரம்பு, கூட்டுவலிமை, விலகிச் செல்லும் வாய்ப்பு ஆகிய மூன்றும் இருக்கும்போதே 'மீண்டும் பேசுதல்' பொருளுடையதாகிறது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு இனிப் புனைவுகளைக் காணலாம்.

பிறர் பேசிய பேச்சு: கூளமாதாரி, ஆளண்டாப் பட்சி

2000இல் வெளிவந்த 'கூளமாதாரி' பண்ணயத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவர்களின் கதை. கூளையன், நெடும்பன், மொண்டி, வவுறி, செவிடி என அவர்கள் அனைவரும் உடற்குறையோ உடலமைப்போ சுட்டும் பெயர்களாலேயே அழைக்கப்படுகின்றனர். கூளையன் கவுண்டரின் பண்ணயத்தில் கட்டுண்டு இருப்பது அவன் பேசிய பேச்சால் நேர்ந்ததன்று. பெரியவர்கள் பேசினார்கள், சிறுவன் அந்தப் பேச்சின் பொருளாக இருந்தான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, கட்டுண்டவரின் கடனும் செல்லாததாக்கப்பட்டது. ஆனால் நாவல் காட்டும் உலகில் கடனைவிட வலிய கட்டு பேச்சுக்கு உண்டு.

கூளையனுக்கும் கவுண்டரின் மகன் செல்வனுக்கும் இடையிலான உறவு இங்கு நுட்பமாகக் கவனிக்கத்தக்கது. மேய்ச்சல் காட்டில் இருவரும் விளையாட்டுத் தோழர்கள். விளையாட்டின் இயல்பே விதிகளை இடையிடையே மாற்றிப் பேசிக்கொள்வதுதான். அந்த அளவில் காடு மறுபேச்சுக்கு இடம் தரும் வெளி. ஆயினும் செல்வன் எந்த நேரத்திலும் தோழன் என்னும் நிலையிலிருந்து எசமானின் மகன் என்னும் நிலைக்கு மாறிக்கொள்ள முடியும். கூளையனுக்கு அந்த மாற்றம் இல்லை. அந்த நொடியில், சற்று முன் விளையாட்டுப் பேச்சாக இருந்தது மறுபேச்சாகிவிடுகிறது. நாவலின் வன்முறை அடிதடியில் மட்டும் இல்லை. ஒரே சொல் இவ்வாறு பொருள் மாறிக்கொண்டே இருப்பதிலும் உள்ளது.

இதனோடு 2012இல் வெளிவந்த 'ஆளண்டாப் பட்சி'யை ஒப்பிடலாம். பாகப்பிரிவினையில் வஞ்சிக்கப்பட்ட இளைய மகன் முத்து, பிரித்த பாகத்தை மீண்டும் பேச வழியின்றிப் புதிய நிலம் தேடிப் புறப்படுகிறான். மறுபேச்சுக்கு மாற்றாக அவனுக்கு வெளியேற்றம் கிடைக்கிறது. அவனுடன் செல்லும் குப்பன் அதே வழியைத்தான் நடக்கிறான். ஆயினும் அவன் செல்வது தனக்கு நிலம் தேடியன்று, வேலையாளாக. நிலவுடைமைச் சாதியில் பிறந்தவனுக்கு மீண்டும் பேச இயலாதபோது விலகிச் செல்லும் உரிமை எஞ்சுகிறது. கூளையனுக்கு அதுவும் எஞ்சுவதில்லை. இரு நாவல்களையும் இவ்வகையில் இணைத்துப் படிக்கும்போது, மறுபேச்சின் இன்மை எல்லோருக்கும் ஒரே அளவில் நேர்வதில்லை என்பது புலனாகிறது.

பிறர் வாயில் வந்த இசைவு: மாதொருபாகன்

2010இல் வெளிவந்த 'மாதொருபாகன்', பன்னிரண்டு ஆண்டுகளாகக் குழந்தைப்பேறு இல்லாத காளி, பொன்னா இணையரின் கதை. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், குழந்தையில்லாப் பெண் முன்பின் அறியாத ஆணோடு கூடலாம் என்றும், அன்று அவன் 'சாமி' என்றும் நாவல் ஒரு வழக்கத்தைச் சித்திரிக்கிறது. நாவல் குறித்த சர்ச்சை இவ்வழக்கம் உண்மையா என்னும் வினாவையே சுற்றி வந்தது. கதையின் அமைப்போ வேறொரு வினாவின் மீது நிற்கிறது: பொன்னாவை அனுப்புவதற்கு இசைந்தவர் யார்?

இரு குடும்பத்தாரும் இசைகிறார்கள். காளி இசையவில்லை. பொன்னாவின் இசைவு காளியின் இசைவைச் சார்ந்தது. அவன் சொன்னால் போவேன் என்பதே அவள் நிலை. இவ்விடைவெளியைப் பொன்னாவின் அண்ணனும் காளியின் நண்பனுமான முத்து ஒரு பொய்யால் நிரப்புகிறான். காளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்று பொன்னாவிடம் கூறிவிட்டு, காளியை வீட்டைவிட்டு அப்பால் அழைத்துச் செல்கிறான். ஒருவர் இல்லாத இடத்தில் அவர் பெயரால் உடன்பாடு முடிகிறது.

இங்கு வற்புறுத்தல் இல்லை, மிரட்டல் இல்லை. எல்லோரும் நன்மையை நாடியே செயல்படுகிறார்கள். ஆனால் மறுபேச்சுக்குத் தேவையான காலம் மட்டும் திட்டமிட்டுப் பறிக்கப்படுகிறது. காளி உண்மையை அறியும்போது உடன்பாடு நிறைவேறிவிட்டது. நிறைவேறிய பின்னர் அதைத் திறந்து பேச ஒன்றும் இல்லை. நாவலின் இறுதியில் வெளிப்படும் காளியின் ஆற்றாமை, மனைவியின் கற்பு குறித்த ஆணின் சினமாக மட்டும் படிக்கப்பட்டு வந்துள்ளது. அப்படிப்பும் பொருந்துவதே. ஆயினும் தன் பெயரால் பிறர் சொன்ன சொல்லுக்குத் தான் கட்டுண்டதை அறியும் மனிதனின் ஆற்றாமையும் அதில் உள்ளது. அதே ஏமாற்றுக்குப் பொன்னாவும் ஆளானவள் என்பதைக் காளியால் காண முடியாமற் போவதே அவனுடைய எல்லை.

நாவலின் இத்திறந்த முடிவைப் பெருமாள்முருகன் பின்னர் இரு நாவல்களாகத் தொடர்ந்தார். 'ஆலவாயன்' காளி இறந்துவிட்ட நிலையிலிருந்தும், 'அர்த்தநாரி' காளி உயிரோடு இருக்கும் நிலையிலிருந்தும் கதையைக் கொண்டுசெல்கின்றன. கதைமாந்தர்களுக்கு மறுக்கப்பட்ட மறுபேச்சை ஆசிரியர் புனைவின் வடிவத்தில் வழங்கிப் பார்க்கிறார் எனலாம். அர்த்தநாரியில் காளி உயிரோடு இருந்தும் பொன்னாவிடம் மௌனம் காக்கிறான் என்பது குறிப்பிடத்தக்கது. பேச வாய்ப்பிருந்தும் பேச மறுப்பது, மறுபேச்சின் இன்மையை ஆண் தன் மனைவிமீது திருப்பிச் செலுத்தும் வழியாகிறது.

கையெழுத்தான உடன்பாடு: நாமக்கல், 2015

'மாதொருபாகன்' வெளிவந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 2014 டிசம்பர் இறுதியில் எதிர்ப்புகள் எழுந்தன. 2015 ஜனவரி 9 அன்று திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடைபெற்றது. ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் தலைமையில் அமைதிப் பேச்சுவார்த்தை கூட்டப்பட்டது. நிபந்தனையற்ற மன்னிப்பு, சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குதல், விற்காத படிகளைத் திரும்பப் பெறுதல் ஆகியவற்றை ஏற்று ஆசிரியர் கையெழுத்திட்டார்.

இந்நிகழ்வில் 'பேச்சுவார்த்தை' என்னும் சொல் எப்பொருளில் நின்றது என்பது ஆராயத்தக்கது. ஆசிரியர் முதலில் தெரிவிக்க முன்வந்தது வருத்தம். இறுதியில் எழுதப்பட்டது நிபந்தனையற்ற மன்னிப்பு. வருத்தம் என்பது பிறர் மனம் நொந்ததைக் குறித்து ஒருவர் கொள்ளும் உணர்வு. மன்னிப்புக் கோருதல் என்பது தம்மிடம் பிழை இருந்ததை ஒப்புதல். 'நிபந்தனையற்ற' என்னும் அடைமொழி இன்னும் கூடுதலான செயலைச் செய்கிறது. நிபந்தனை இல்லையெனில் பின்னர்த் திருத்திப் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. மறுபேச்சின் வாயிலை அச்சொல்லே அடைத்துவிடுகிறது. முன்னர்க் கண்ட மூன்று அளவுகோல்களான காலவரம்பு, கூட்டுவலிமை, விலகும் வாய்ப்பு ஆகியவற்றில் ஒன்றும் அந்த அறையில் இருந்ததாகக் கூற இயலாது.

அடுத்த நாள் ஆசிரியர் தம் முகநூல் பக்கத்தில் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாக அறிவித்தார். தம் படைப்புகளைத் திரும்பப் பெறுவதாகவும், இனி ஆசிரியராக மட்டும் வாழப்போவதாகவும் தெரிவித்தார். இவ்விரு ஆவணங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது இன்றியமையாதது. ஜனவரி 12ஆம் நாளது ஒரு தரப்பு மற்றொரு தரப்புக்குக் கொடுத்த வாக்கு. 13ஆம் நாளது எத்தரப்புக்கும் கொடுத்த வாக்கன்று. எவரும் கேட்டுப் பெற்றதும் அன்று. ஒரு நூலைப் பற்றி மட்டும் கேட்டவர்களுக்கு எல்லா நூல்களையும் கொடுத்துவிட்ட அச்செயல், கீழ்ப்படிதலின் வடிவில் அமைந்த மறுபேச்சு. பேச இடமில்லாத இடத்தில் பேச்சையே முழுமையாக விட்டுவிடுதல், எதிர்ப்பின் கடைசி வடிவமாயிற்று.

முதல் ஆவணத்தை மீண்டும் திறந்தவர் அதில் கையெழுத்திட்டவர் அல்லர். எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வனும் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமும் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அடங்கிய அமர்வு, அந்த உடன்பாடு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பளித்தது. நாவலுக்கு எதிரான மனுக்கள் தள்ளுபடியாயின. தறித்தொழிலில் சங்கம் ஆற்றும் பணியை இங்கு எழுத்தாளர் சங்கம் ஆற்றியது என்பது கருதத்தக்கது. தனிமனிதரின் வாயில் மறுபேச்சாகக் கருதப்படும் சொல், கூட்டமைப்பின் வாயில் உரிமைக்கோரிக்கையாகிறது.

ஆயினும் இத்தீர்ப்பை 'மறுபேச்சுவார்த்தை' என்று கொள்ள முடியாது. நீதிமன்றம் உடன்பாட்டின் நிபந்தனைகளைத் திருத்தவில்லை. இரு தரப்பையும் மீண்டும் பேசச் செய்யவும் இல்லை. அவ்வுடன்பாட்டுக்குக் கட்டுப்படுத்தும் வலிமை இல்லை என்றே கூறியது. திருத்துதல், மீறுதல், செல்லாதெனல் ஆகிய மூன்றும் வெவ்வேறு செயல்கள். பின்னர் எழுதத் தொடங்கிய ஆசிரியரைக் 'கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கினார்' என மதிப்பிடுவது இரண்டாவதை மூன்றாவதோடு குழப்புவதாகும். செல்லாத வாக்கில் பேச்சு மாறுதல் நிகழ இயலாது.

செல்லாமைக்குப் பின்னும் எஞ்சுவது

ஜனவரி 13ஆம் நாள் அறிவிப்பை எந்த நீதிமன்றமும் செல்லாததாக்க இயலாது. எழுதுமாறு நீதிமன்றம் ஊக்கப்படுத்தலாம். மீண்டும் எழுதுவது ஆசிரியர் ஒருவரால் மட்டுமே இயலும். 2016 ஆகஸ்டில் டெல்லியில் வெளியிடப்பட்ட 'கோழையின் பாடல்கள்' அவ்வகையில் அவர் தம்மோடு நிகழ்த்திய மறுபேச்சு. தலைப்பிலேயே வீரம் மறுக்கப்படுகிறது. வெற்றிபெற்று மீண்டவரின் குரலை எதிர்பார்த்த வாசகருக்கு அத்தலைப்பு வேறொன்றைத் தெரிவித்தது.

அதே காலத்தில் தமக்குள் ஒரு தணிக்கையாளர் அமர்ந்துவிட்டதை அவர் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். அடுத்து வந்த 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'யின் முன்னுரையில், மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுதப் பேரச்சம் என்னும் பொருள்படக் கூறி, வெள்ளாட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் காட்டினார். சட்டத்தில் வலிமை இழந்த உடன்பாடு எழுதுபவரின் உள்ளத்தில் தொடர்ந்து செயல்படுவதை இது காட்டுகிறது. பூனாச்சியைத் திறனாய்வாளர்கள் உருவகக் கதையாகப் பாராட்டியுள்ளனர். அவ்வுருவகம் ஆசிரியரின் தேர்வா, 2015இன் நிபந்தனையா என்னும் வினாவை அப்பாராட்டுகள் போதிய அளவில் எழுப்பவில்லை. இரண்டும் கலந்தது என்பதே பொருத்தமான விடையாகலாம். நிபந்தனையை வடிவமாக மாற்றிக்கொள்ளும் இடத்தில்தான் படைப்பாளி அதனை மீண்டும் பேசுகிறார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு.

'மறுபேச்சு' என்னும் சொல்லில் மீண்டும் பேசுதலும் மறுத்துப் பேசுதலும் ஒருங்கே உள்ளன. 'மறுபேச்சுவார்த்தை' என்னும் சொல்லாக்கம் முதற்பொருளை மட்டும் வெளிப்படுத்துகிறது. இச்சொல்லைப் பயன்படுத்தும் ஆய்வாளர், முதலில் நிகழ்ந்தது உண்மையில் பேச்சுவார்த்தைதானா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பெருமாள்முருகனின் புனைவுகளில் ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் அதனால் கட்டுண்டவர் இல்லாத இடத்தில் முடிகிறது. சாதி, பால், வயது ஆகியவற்றைப் பொறுத்து அவர்களுக்கு வெளியேற்றமோ மௌனமோ எஞ்சுகிறது. சிலருக்கு எதுவும் எஞ்சுவதில்லை.

2015 நாமக்கல் உடன்பாடு, அதற்கு மறுநாள் அறிவிப்பு, 2016 தீர்ப்பு ஆகிய மூன்றும் தனித்தனிச் செயல்களாகப் படிக்கப்பட வேண்டும். அவற்றை ஒரே கதையாகச் சுருக்கும்போது ஆசிரியரின் பிற்காலப் படைப்புகளில் எஞ்சி நிற்கும் அச்சம் திறனாய்வின் பார்வைக்குத் தப்பிவிடுகிறது.

கொங்கு வட்டாரப் புனைவுகளில் இடம்பெறும் பேசி முடித்தல், பேச்சு மாறுதல், வாக்குக் கொடுத்தல் போன்ற வழக்குகளைத் தொகுத்து, அவற்றைப் பேசுபவர், கேட்பவர் நிலைகளோடு பொருத்தி ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.